மேடு விழாத ஆடி மாதம்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகச் சாப்பிட வந்த அன்று அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொல்லைப்பக்கம் போனார். இலை போட்டுக்கொண்டிருந்த என் மனைவி திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். கழிவறையைத் தேடுகிறாரோ என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். அவர் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி சொவத்துக்கு அடியில போகுது, பண்பொழி. வாட்டத்த மாத்து. இந்தச் சொவரு ரெண்டு மழை தாங்காது," என்றார்.

என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. முதல் நாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி, அடுக்களையைத் தாண்டிப் போய்ச் சாக்கடையில் குறை கண்டுபிடித்தால் யாருக்குத்தான் சுருங்காது. ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதியைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார். பிறகு, "இஞ்சித் தொவையலும் வச்சிருக்கியா, ஏட்டி?" என்று கேட்டார். அந்த 'ஏட்டி'யில் என் மனைவி கரைந்துபோனாள். ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில் அவளை அப்படிக் கூப்பிட வேறு யாரும் இல்லை. மறுநாளே என்னிடம் கொல்லை வாட்டத்தை மாற்றச் சொல்லிவிட்டாள்.

அவர் குற்றாலத்துக்காரர். நான் பண்பொழி. வடக்கே, ரயிலில் நாள் கணக்காகப் போக வேண்டிய ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. தென்காசிப் பக்கம் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம். எனக்கு மட்டும் அக்கா.

நிலக்கரி சும்மா வந்துவிடுவதில்லை. அதன் மேலே கிடக்கிற மண்ணையும் பாறையையும் முதலில் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு லாரி கரிக்குப் பல லாரி மண். அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். கொட்டிக் கொட்டி எங்கள் சுரங்கத்தைச் சுற்றிலும் பெரிய பெரிய மேடுகள் எழும்பி நின்றன. புதிதாக வருகிறவர்கள் அவற்றை மலை என்றே நினைத்துக்கொள்வார்கள். அந்த மேடு எவ்வளவு செங்குத்தாக நிற்கலாம், எவ்வளவு உயரத்துக்கு ஒரு படி விட வேண்டும், மேலே விழுகிற மழை எந்த வழியாகக் கீழே இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது அவருடைய வேலை. அந்த மேடு அசைகிறதா என்று அளந்து சொல்வது என் வேலை. நான் சர்வேயர். மேட்டின்மேல் வரிசையாக முளைகளை அடித்துவைத்து, எதிரே அசையாத இடத்தில் கருவியை நிறுத்தி, முளைகள் நேற்று இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

"மண்ணு நல்லது, பண்பொழி," என்பார். "எப்படிக் கொட்டுனாலும் தனக்குன்னு ஒரு சாய்வுல போய் உக்காந்துக்கிடும். உள்ள தண்ணி மாட்டிக்கிட்டாத்தான் வம்பு. வெளிய போக வழி இல்லன்னா அது மண்ணையும் தள்ளிக்கிட்டு வரும்."

அதனால் எங்கே போனாலும் தண்ணீர் போகும் வழியைத்தான் முதலில் பார்ப்பார். எங்கள் காலனிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற இடத்தைச் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்த்து, பெண்வீட்டாரைக் கூப்பிட்டு விசாரித்ததில் அவர்கள் பயந்துபோய்விட்டார்கள். மேட்டின் அடியில் கசிந்து வருகிற தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் வெறும் தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது, நல்லது. கலங்கலாக வந்தால் மேடு உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கிறது. லாரி ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்து, மேடத்துக்கு மேட்டிலிருந்தே டீ வருகிறது என்று கேலி பேசுவார்கள்.

அவரைப் பிடித்தவர்கள் அங்கே குறைவு. விளிம்பில் கொட்டாதே, தள்ளிக் கொட்டு என்பார். இத்தனை அகலத்துக்குப் படி விடு என்பார். படி விட்டால் கொட்டுகிற இடம் குறையும், லாரி தூரம் போக வேண்டும், கரி எடுப்பது தாமதமாகும். எங்கள் மேலாளர் ஒருநாள் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் இந்தியில் கேட்டார். மேடம், உங்கள் மேடு ஒன்றாவது இதுவரை விழுந்திருக்கிறதா, எதற்காக எங்களை இப்படிப் பயமுறுத்துகிறீர்கள் என்று. விழாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறீர்கள் என்று அவர் உடைந்த இந்தியில் பதில் சொன்னார். அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வேடிக்கையாக ஏதும் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

குற்றாலத்தில் பிறந்தவருக்கு இப்படி ஒரு பிழைப்பு வாய்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் என்னவோ போல் இருக்கும். அவர்கள் வீட்டில் அருவிக்குப் போகிற பாதையில் கடை வைத்திருந்தார்கள். சிப்ஸ், அல்வா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். ஆனியில் சாரல் எட்டிப் பார்த்தால்தான் அந்தக் கடைக்கு உயிர். ஆடி முழுக்கக் கூட்டம். மேற்கே மேகம் கருத்தால் அவர் அப்பா மேலே பார்த்துக் கும்பிடுவாராம். அதே மேகம்தான் வடக்கே எங்கள் சுரங்கத்துக்கும் வரும். அங்கே அது வந்தால் இவருக்குச் சோறு இறங்காது. ஜூன் தொடங்கி மழை ஓயும்வரை அவர் லீவு எடுத்ததில்லை. அதனால் வேலையில் சேர்ந்த பிறகு அவர் ஒருமுறைகூடச் சீசனுக்கு ஊருக்குப் போகவில்லை. பங்குனி சித்திரையில்தான் போவார். அப்போது அருவியில் தண்ணீர் இருக்காது.

"எனக்குத் தெரிஞ்ச குத்தாலம் இப்பம் காஞ்ச பாறைதான்," என்றார் ஒருமுறை. "கொரங்குகூட இருக்காது. கடையெல்லாம் அடைச்சுக் கெடக்கும். நானும் அம்மாவும் அந்தப் பாறைக்கு முன்னால போய்ச் சும்மா நின்னுட்டு வருவோம்."

கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று என் மனைவி துணிந்து கேட்டுவிட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் சாதாரணமாகவே சொன்னார்.

"பாத்தாவ. கீழப்பாவூர்ல ஒரு எடம். நல்ல மனுசரு. ஆனியில பொண்ணு பாக்க வாரோம்னாவ. மழை விடட்டும், புரட்டாசியில வாரேன்னு சொன்னேன். புரட்டாசியில யாரு பொண்ணு பாப்பா? அவியளும் எத்தன தடவதான் கேப்பாவ."

சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். மேகம் கூடியிருந்தது. பாயசம் ஆறிக்கொண்டிருக்க, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. ஈர மண்ணில் குத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதற்குத்தான் வைத்திருந்தார்.

நான் சொல்ல வந்தது ஒரு வருடத்து ஆடி மாதம் பற்றி.

அந்த வருடம் சித்திரை வெயிலில் நானும் அவரும் மேற்குப் பக்க மேட்டின் அடியில் நடந்துகொண்டிருந்தோம். அந்த மேடு எங்கள் காலத்துக்கு முந்தையது. கீழே தகரக் கூரை போட்ட வீடுகள் கொஞ்சம் இருந்தன. கரி ஏற்றுகிற வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஆடுகள். சுற்றிலும் எல்லாம் கருகிக் கிடக்க, மேட்டின் ஓரமாக ஒரு இடத்தில் மட்டும் கோரை பச்சைப் பசேல் என்று நின்றது. அவர் நின்றுவிட்டார். குடையை அங்கே குத்தினார். கைப்பிடி வரை இறங்கியது.

"இந்த வெயில்ல பச்சையா இருக்குன்னா உள்ள தண்ணி நிக்குது, பண்பொழி. முன்ன இங்கன ஓடை ஏதும் ஓடியிருக்கும். அதுக்கு மேலேயே கொட்டிட்டானுவ. மழை வந்தா அது பழைய வழியத் தேடும்."

அடிவாரத்தில் ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் கல்லை நிரப்பி, உள்ளே நிற்கும் தண்ணீரை வடியவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இயந்திரங்களெல்லாம் கரி எடுப்பதில் இருக்கின்றன, பிறகு பார்க்கலாம் என்றார்கள். விடாமல் போய் நின்று ஒரு இயந்திரத்தை வாங்கினார். மழைக்கு முன்னால் பாதி வாய்க்கால்தான் முடிந்தது. மீதிப் பாதிக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில், விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஒரு காலையில் நான் மேலே போனபோது, மேட்டின் உச்சியில் விளிம்புக்கு இணையாக ஒரு கோடு ஓடியிருந்தது. என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. முளைகளை அளந்தேன். எல்லாம் கீழ்நோக்கி நகர்ந்திருந்தன. அவருக்குப் போன் செய்தேன். மழைச் சட்டைகூடப் போடாமல் ஏறி வந்தார். வெடிப்பைப் பார்த்தார். கீழே தகரக் கூரைகளைப் பார்த்தார்.

"லாரி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு. ஒன்னும் மேல ஏறக் கூடாது. கீழ உள்ளவியள முதல்ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

கிளம்ப அவர்கள் சம்மதிக்கவில்லை. ஆடு இருக்கிறது, அடுப்பு எரிகிறது, மழையில் எங்கே போவது என்றார்கள். அவர் வீடு வீடாகப் போய்ச் சாமான்களைத் தானே தூக்க ஆரம்பித்தார். ஒரு கிழவி அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். மதியத்துக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். மேலாளர் கொதித்துப்போயிருந்தார். ஒருநாள் உற்பத்தி நின்றால் மேலே பதில் சொல்வது அவர்தான்.

அன்று பிற்பகல் அக்காவுடைய போன் அடித்தது. குற்றாலத்திலிருந்து தம்பி. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். மழை முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. பிறகு என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், வெடிப்புக்குள் தண்ணீர் இறங்காமல் களிமண் போட்டு மூடித் தார்ப்பாய் விரிக்கச் சொன்னார்.

"நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

"நீ அளப்ப. நிறுத்துன்னு சொன்னா உன் பேச்ச எவன் கேப்பான்?"

அது உண்மை. அவர் ரயில் ஏறினால் அன்று மாலையே லாரிகள் மேலே ஏறும். பள்ளிக்கூடத்தில் இருக்கிறவர்கள் அடுப்பு மூட்ட வீட்டுக்குத் திரும்புவார்கள். எல்லோருக்கும் அது தெரியும்.

அவர் போகவில்லை. அன்றும் மறுநாளும் மேட்டின் அடியில் நின்று, இருந்த ஒரே இயந்திரத்தை வைத்து மீதி வாய்க்காலை வெட்டவைத்தார். பெரிய பெரிய பாறைகளைக் கொண்டுவந்து அடிவாரத்தில் முட்டுக் கொடுத்தார். மேலே தேங்குகிற மழைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார். தம்பியின் போன் மறுபடியும் மறுபடியும் வந்தது. கடைசி அழைப்பில் தம்பி கத்தியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"பெத்தவள விட உனக்குக் கல்லுக் குப்பை பெருசாப் போச்சா? அதுக்குக் காவல் இருக்கியா நீ?"

"ஏலே, கொஞ்சம் பொறு. கீழ ஆளுக இருக்காவ. இதுல..."

போன் அணைந்துவிட்டது. அவர் அதைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

வாய்க்கால் கோரை நின்ற இடத்தைத் தொட்டதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. சேறு. கருத்த சேறு. இயந்திரம் ஓட்டியவன் பயந்து இறங்கி ஓடினான். அவர் அங்கேயே நின்றார். தம்ளரில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக் கொட்டினார். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து முளைகளை அளந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். நகர்வது குறைந்தது. அடுத்த நாள் இன்னும் குறைந்தது. பிறகு ஒரு காலையில் என் கருவியில் முளைகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. அதைச் சொல்ல நான் கீழே ஓடினேன். அவர் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து தம்ளரைத் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. மறுகையில் போன் இருந்தது.

"அம்மா போயிட்டா, பண்பொழி," என்றார்.

தம்ளரில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன். தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை. என் மனைவிக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவர் அழுதார்.

மேடு விழவில்லை. அந்த வருடமும் விழவில்லை, அதற்குப் பிறகும் விழவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்பியவர்கள், மழையில் அரிசி நனைந்துபோனதற்கும் ஒரு ஆடு காணாமல் போனதற்கும் அவரைத்தான் ஏசினார்கள். உற்பத்தி நின்றதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது. எதுவுமே நடக்காத ஒரு மேட்டுக்காக எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். விழுந்திருந்தால் அவரைக் கொண்டாடியிருப்பார்களோ என்னவோ.

ரயிலில் போய்ச் சேருவதற்குள் அம்மாவின் காரியம் முடிந்துவிடும் என்று, மழை ஓய்ந்த பிறகுதான் ஊருக்குப் போனார். லீவு முடியும் முன்பே திரும்பி வந்துவிட்டார். தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மட்டும் சொன்னார். நான் ஊருக்குப் போகும்போது தம்பியைப் பார்த்து நடந்ததைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லுவ? ஒன்னும் நடக்கலன்னா? அதத்தான் அவனும் சொல்லுதான்," என்றார். பிறகு, "நீ போகக் கூடாது. எனக்காக ஒருத்தன் போய்ப் பேசுத மாதிரி நான் வச்சுக்கிட மாட்டேன்," என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் வீடு பிடித்துக் குடிவந்தார். என் முழங்கால் மேடு ஏற மறுத்ததால் நானும் முன்கூட்டியே வேலையை விட்டுப் பண்பொழிக்கு வந்துவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். வீட்டில் இரண்டு நாற்காலிகள் இருக்கும். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் செய்தித்தாள்கள் இருக்கும். நான் போனால் செய்தித்தாள்களை எடுத்துத் தரையில் வைப்பார். அவர் வீட்டு டிவியில் வானிலை அறிக்கை மட்டும்தான் ஓடும். நம்மூர் அறிக்கை முடிந்தாலும் அணைக்க மாட்டார். வடக்கே அந்தச் சுரங்க மாவட்டத்தின் பெயர் வரும்வரை காத்திருப்பார்.

தினமும் காலையில் குற்றாலம் வரை நடப்பார். முதல் சீசனில் நான் அவரைக் கூட்டிக்கொண்டு பேரருவிக்குப் போனேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவர் பார்க்கிற முதல் ஆடி அருவி. பெண்கள் பக்கம் கூட்டம் நெருக்கியடித்தது. காவலர்கள் விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். அவர் நனையும் தூரத்தில் நின்று மேலே பார்த்தார். முகத்தில் சந்தோஷமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

"குளிக்கலயாக்கா?"

"இவ்வளவு தண்ணி வருது. ஒருத்தருக்கும் பயம் இல்ல, பாரு," என்றார். குளிக்காமலே திரும்பிவிட்டோம்.

தம்பி கடை அந்தப் பாதையில்தான். அவர் கடந்து போவார். தம்பி தராசைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி நேந்திரங்காய் சிப்ஸ்தான் இருக்கும். தம்பி மனைவி எப்போதாவது கணவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்து, நான் போகும்போது எனக்கு முன்னால் பிரிப்பார். ஒன்றை எடுத்து மெல்லுவார். "எங்கப்பா கைப் பக்குவம் அப்படியே இருக்கு," என்பார். மீதியை என் பையில் வைத்துவிடுவார்.

அவர் தெருவுக்குப் பின்னால் ஒருவர் சரிவை வெட்டி மனை போட்டார். வெட்டிய செம்மண்ணை வீடுகளின் பின்சுவரை ஒட்டி மலைபோலக் குவித்துவைத்தார். அக்கா போய்ச் சொல்லிப் பார்த்தார். கட்டடக்காரர், "யம்மா, இது மண்ணு, பூதமில்ல. போய்ப் படுங்க," என்றாராம். ஐப்பசி மழைக்கு முன்னால் அக்காவே ஆள் பிடித்துக் குவியலைப் படி படியாகச் செதுக்கி, அடியில் ஒரு ஓடை வெட்டினார். மழையில் அது தூர்ந்தால் தானே மண்வெட்டியோடு போய் இறங்குவார். அக்கம்பக்கத்தில் அவரைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். சுவர் விழவில்லை. விழாததால் அவர்களுடைய நினைப்பும் மாறவில்லை.

போன பங்குனியில் அவர் இறந்துபோனார். காலையில் பால் ஊற்றுகிற பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நெஞ்சுவலி என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். நானும் மனைவியும் போனபோது தம்பி ஏற்கெனவே வந்து வாசலில் நின்றிருந்தார். அவர்தான் கொள்ளி வைத்தார். வந்திருந்தவர்கள் மிகக் குறைவு. சுரங்கத்தில் யாருக்கும் தகவல் சொல்லவில்லை. சொன்னாலும் யார் வருவார்கள்.

அஸ்தியைக் கரைக்கக் குற்றாலத்துக்குப் போனோம். அருவியில் தண்ணீர் இல்லை. பாறையின் நடுவில் ஈரக்கோடு மட்டும் இறங்கியது. சிற்றாற்றில் முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. காரியம் முடிந்து, அடைத்துக் கிடந்த கடையின் படியில் தம்பி உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். அறுபது வயதை நெருங்கிய மனிதர். தலையை மழித்திருந்தார்.

"நீங்கதான பண்பொழி?" என்றார் பிறகு. "அம்மா போன அன்னைக்கு நீங்க அங்கன இருந்தியளாம்லா. எம் பொண்டாட்டி சொன்னா. என்னதான் நடந்துச்சு?"

இனி என்னைத் தடுக்க அக்கா இல்லை. நான் சொன்னேன். பச்சைக் கோரையிலிருந்து தொடங்கி, வெடிப்பு, பள்ளிக்கூடம், பாறை, சேறாக வந்து தெளிந்த தண்ணீர் எல்லாம் சொன்னேன். அந்தத் தகர வீடுகளில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்பம் அந்த மேடு விழவே இல்லயா?"

"விழல."

"கொஞ்சங்கூட?"

"ஒரு கல்லுகூட உருளல, அண்ணாச்சி."

அவர் துண்டால் தலையைத் துடைத்தார். வேர்வை இல்லை, இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மாவுக்கு வாய் கோணிப் போச்சு. பேச்சு கொளறும். எனக்கு மட்டுந்தான் வெளங்கும். 'டிவியப் போடுலே, அங்கன மழை விட்டுட்டான்னு பாரு'ம்பா. நர்சுட்டயும் அதத்தான் கேப்பா. 'அவளக் கூப்பிடாத, மழை விட்டா அவளே வருவா'ன்னு சொன்னா. நாந்தான் கேக்காம போனப் போட்டு ஏசுனேன்."

"இத அக்காட்ட நீங்க சொல்லலயா?"

"கோவத்துல இருந்தேன். கோவம் போன பிறகு எப்படிப் போய்ச் சொல்லன்னு தெரியல. தெனமும் இந்த வழியாத்தான் போவா. இன்னைக்குக் கூப்பிட்டுச் சொல்லிருவோம்னு நெனைப்பேன். யாராவது யாவாரத்துக்கு வந்துருவாவ. அதுக்குள்ள அவ தாண்டிப் போயிருப்பா."

நாங்கள் இருவரும் எதிரே வெயிலில் காய்ந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாய் மட்டும் கடந்து போனது.

"அந்த மேடு இன்னமும் அங்கன இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. மேல மரம் வச்சிருக்காவ. கீழ அந்த வீடுகளும் இருக்கு."

"என்னய ஒருதடவ கூட்டிட்டுப் போவியளா? அவ நின்ன எடத்தப் பாக்கணும்."

"போவோம், அண்ணாச்சி. மழைக்கு முன்னால, இந்தச் சித்திரையிலேயே போயிட்டு வந்துருவோம்."

"வேண்டாம். ஆடியில போவோம். மழை பெய்யும்போது பாக்கணும்."

"ஆடி உங்களுக்குச் சீசனாச்சே. கடைய யாரு பாப்பா?"

"கடைய அடைச்சுருவேன்," என்றார்.